பசை வைத்த முன்பல்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘லீக்கு வீடு எது’ என்று கேட்டால் முனையில் இருக்கும் சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வழி காட்டுவார். குழாய் வேலை பார்க்கிற மனுஷர். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “லீக்கு எங்க?” என்பார். சௌக்கியமா, சாப்பிட்டீங்களா என்று ஒரு பேச்சு கிடையாது. அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. நான் ‘லீக்கு அம்மா’. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது யாராவது கூப்பிட்டால் “என்ன?” என்று திரும்பிப் பார்க்கிறேன்.

பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஐந்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை சன்ஷேடிலும் இன்னொரு காலைக் குழாய் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற ஆள். ஒரு நாள் கீழே நின்று அதைப் பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கே வேலை என்று கேட்பதையே விட்டுவிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி, அதை மறைக்க என்ன இருக்கிறது. லிஃப்டில் ஏற மாட்டேன். அவர் போனை எடுக்கத் தாமதமானால் எடுக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் ஒரு ஆள் பயந்தால் போதும் என்று அந்த இலாகாவை அவர் என்னிடமே கொடுத்து வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாருடைய சமையலறையிலோ தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த நட்டு ஒன்றை ரிஞ்சு போட்டு இழுத்திருக்கிறார். நட்டு சட்டென்று கழன்றதில் ரிஞ்சு நேராக வாயில் விழுந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்ததும் பார்த்தேன். மேல்வரிசை முன்பல்லில் பாதி, சாய்வாக, காணாமல் போயிருந்தது. உடைந்த இடத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. பல்லுக்குள் சிவப்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணும் இல்ல, சும்மா சில்லு தெறிச்சிருக்கு,” என்றார். டீ கொடுத்தேன். ஒரு மடக்கு உள்ளே போனதும் டம்ளரை நழுவவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

கல்லூரியில் கணக்குப் படிக்கும் எங்கள் பெண் அன்றைக்கே பல் டாக்டரிடம் போகச் சொன்னாள். அவள் சொன்னால்தான் அவர் காது கொடுத்துக் கேட்பார். நான் கிளினிக்குக்குப் போன் போட்டேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு எடுத்த பெண், “நேர்ல வாங்கம்மா. டாக்டர் பாத்தாதான் சொல்ல முடியும்,” என்றாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். மனுஷரின் முகம் செத்துப்போனது.

“அது நான் சொல்றது,” என்றார்.

அவர் சொன்னது நிஜம். குழாய் சொட்டுகிறது, எவ்வளவு ஆகும் என்று யார் கேட்டாலும், பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பார். பார்த்த பிறகு, “டேப்பு மட்டும் மாத்தினா நிக்காது சார். உள்ள லைன் அரிச்சிருக்கும். சுவரை உடைச்சுப் பாத்தாதான் தெரியும்,” என்பார். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. சுவருக்குள் இருக்கிற குழாயை யார்தான் பார்க்க முடியும்? ஆனால் அதைச் சொல்லும்போது எதிரில் நிற்கும் வீட்டுக்காரரின் முகம் போகிற போக்கை அவர் எத்தனையோ வருஷமாகப் பார்த்துவிட்டார். அந்த முகம் இப்போது அவருக்கே வந்துவிட்டது.

கிளினிக் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கண்ணாடி போட்ட சின்னப் பெண்தான் டாக்டர். எங்கள் பெண்ணைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “மேல மட்டும் பூசினா நிக்காது சார். நரம்பு வெளியில தெரியுது. உள்ள சுத்தம் பண்ணி, வேரை அடைச்சு, அதுக்கு மேல தொப்பி மாதிரி ஒண்ணு போடணும். எத்தனை தடவை வரணும்னு திறந்து பாத்தாதான் தெரியும்.” பிறகு தொகையைச் சொன்னாள். கிட்டத்தட்ட அவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டுமாம்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். “யோசிச்சு சொல்றேன் மேடம்,” என்றார். அவரிடம் இப்படிச் சொன்னவர்கள் எவரும் திரும்ப வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

படியில் இறங்கும்போதே ஆரம்பித்தார். “கெட்டிக்காரப் பொண்ணு. நான் பேசுறதை அப்படியே பேசுது. அட்வான்ஸ் வரைக்கும்.”

“அவங்க டாக்டருங்க.”

“சுவரை உடைக்கிறப்போ நானும் டாக்டர்தான்.”

வழியெல்லாம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். மனுஷர் கல்லுளிமங்கன் மாதிரி நடந்து வந்தார். பல்லை வாய்க்குள் நாக்கால் தடவிக்கொண்டே வந்தார். அந்தச் சிவப்புப் புள்ளி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனுஷர் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் முழுசாக இருந்தது. ஆனால் பாதி வெள்ளை, பாதி சாம்பல் நிறம்.

“எப்படி இருக்கு?” என்றார்.

என்ன செய்திருக்கிறார் என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவருடைய பையில் எப்போதும் இருக்கும், குழாய் ஓட்டையை அடைக்கிற பசை. கறுப்பாக ஒரு உருண்டை, வெள்ளையாக ஒரு உருண்டை. இரண்டையும் பிசைந்து அப்பினால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். பல்லைப் பஞ்சால் துடைத்து உலரவைத்து, பசையை அப்பி, ஈரவிரலால் தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“மொட்டைமாடித் தொட்டியில வெயில்லயும் மழையிலயும் பத்து வருஷம் நிக்குது. வாய் எம்மாத்திரம்?”

பசை வந்த உறையைத் தேடி எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கையுறை போட வேண்டும், கண்ணில் படக் கூடாது, உட்கொள்ளக் கூடாது. உரக்கப் படித்துக் காட்டினேன்.

“நான் என்ன தின்னவா செஞ்சேன்? ஒட்டத்தானே செஞ்சேன்,” என்றார்.

“துப்புங்க அதை.”

“கல்லாயிடுச்சு. எப்படித் துப்புறது?”

எங்கள் பெண் வந்து பார்த்துவிட்டு, “அப்பா, தயவு செஞ்சு வெளியில சிரிக்காதீங்க. பூச்சு வேலை பாதியில நிக்குற சுவர் மாதிரி இருக்கு,” என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் சோறு தின்னும்போது ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷம் உள்ளே போனால் முதலில் எங்கே தெரியும், உதட்டிலா, நகத்திலா என்று எதுவும் தெரியாமல் இரண்டையும் பார்த்தேன். “என்னடி, கண்ணு வைக்கிறியா?” என்றார்.

பல் வலித்தது. நெஞ்சுத் துடிப்பு பல்லுக்குள் கேட்கிறது என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். சில நாள் அப்படி ஓடியது. அப்புறம் ஒரு காலையில் எழுந்து ஜம்பமாக வந்து என் முன்னால் நின்றார்.

“பாத்தியா? வலி சுத்தமா நின்னுடுச்சு. ஒரு மாசக் காசு மிச்சம்.”

பெரிய பாரம் இறங்கியது போலத்தான் எனக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் இறங்கவில்லை. கூடவே வாழ்ந்ததில் அவருடைய வேலையில் நானும் நாலு விஷயம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

“ஏங்க, லீக்கு தானா நின்னுடுச்சுன்னு யாராவது சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?”

அவர் பல்லை நாக்கால் தடவினார்.

“சந்தோஷப்படாதீங்க, தண்ணி வேற வழி கண்டுபிடிச்சிருக்குன்னு சொல்லுவீங்கல்ல?”

டீயைக் குடிக்காமலே பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த டீ ஆடை கட்டி அங்கேயே இருந்தது. அவருக்கும் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பயம் என் இலாகா என்று இருந்தவரை எப்படியோ சமாளித்துவிட்டேன். அவரும் பயப்படுகிறார் என்றால் நான் யாரைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொள்வேன்? அன்றைக்குக் கடையில் முன்பக்கம் எடுக்க வேண்டியதையெல்லாம் பின்பக்கமாக எடுத்து ஒரு கட்டுத் தாளைப் பாழாக்கினேன்.

அந்த வாரத்துக் கடைசியில் ஒரு காலை அவர் கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினேன். மேலுதடு மூக்கு வரை வீங்கிப் பளபளத்தது. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கிற மடிப்பே காணோம். வலது கண் ஒரு கீறலாக மூடியிருந்தது. என் வீட்டுக்காரரின் முகத்தில் வேறு யாரோ இருந்தார்கள். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது.

“மோட்டார் லைன் ஒண்ணு பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்,” என்றார். உதடு அசையவில்லை, சத்தம் மட்டும் வந்தது. வேலைப் பையை எடுக்கக் குனிந்தார். குனிந்ததும் ரத்தம் முகத்துக்கு ஏறி, அம்மா என்று முனகினார்.

நான் போய் அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ரிஞ்சும் ஆணியும் கீழே குத்தின.

“எழுந்திரு.”

“மாட்டேன்.”

“கஸ்டமர் காத்துட்டு இருக்காங்க. உனக்கு இப்ப என்னதான் வேணும்?”

“நீங்க வேணும்,” என்றேன். அதுவரை அப்படி ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொன்னது கிடையாது. சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “காசுக்காக மட்டும் இல்ல,” என்றார். “எனக்கு அந்த நாற்காலியைப் பாத்தாலே பயமா இருக்கு.”

“அஞ்சாவது மாடியில பாட்டுப் பாடுறீங்க?”

“அங்க பிடிமானம் என் கையில இருக்கு. இங்க மல்லாந்து படுத்து வாயைத் திறந்துட்டா, எல்லாம் அவங்க கையில. நாம ஒண்ணும் பண்ண முடியாது.”

ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

டாக்டர் பெண் அவரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லக்கூட இல்லை, கையைப் பிடித்து நேராக உள்ளே கூட்டிப்போனாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். “இது என்ன சார், பல்லு மேல?” என்றாள். அவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: “குழாய் ஒட்டுற பசை.” அவள் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அம்மா, உள்ள சீழ் வெளிய வர வழியில்லாம மேல ஏறியிருக்கு. கண்ணு வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் விட்டா கண்ணோட நிக்காது, மூளைக்குப் போகும். உயிருக்கே ஆபத்து. இப்ப திறந்து விடறேன், மருந்து குடுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள வீக்கம் இறங்க ஆரம்பிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடணும். தள்ளிப் போடக் கூடாது.”

காய்கறிக்காரரிடம் கொசுறுக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவள் நான். “செய்ங்க,” என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே மேஜையில் பிளாஸ்டிக் பல்செட் ஒன்று என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது, அதைத் திருப்பி வைத்தேன். உள்ளே மெஷின் சத்தம் கிறீச்சென்று கேட்டது. அந்தச் சத்தம் என் பல் வேரில் இறங்கியது. திடீரென்று சத்தம் நின்றது. அதைவிடச் சத்தமே பரவாயில்லை என்று தோன்றியது. ஏன் நிறுத்தினார்கள்? மயங்கிவிட்டாரா? மூச்சு இருக்கிறதா? வாசலில் அவருடைய செருப்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. குதிகால் பக்கம் தேய்ந்துபோயிருந்தது. இதைப் போட்டுக்கொள்ள அவர் இல்லாமல் நான் மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை அடக்க முடியாமல் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து நின்றேன்.

மெஷின் திரும்பவும் கிறீச்சிட்டது. உயிர் போய் உயிர் வந்தது.

வெளியே வந்தபோது அவர் வியர்வையில் நனைந்திருந்தார். சீழ் இறங்கிவிட்டது என்றாள் டாக்டர். பாதி நேரம் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கவே போனதாம். அதற்கும் சேர்த்துத் தொகை ஏறியிருந்தது. முதலில் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. பாதியை இப்போதும் மீதியைத் தொப்பி போடும்போதும் தருகிறேன் என்று கேட்டேன், சரி என்றாள். பாதிக்கு ஜெராக்ஸ் கடை முதலாளியம்மாவிடம் முன்பணம் வாங்கினேன். அது போதாமல் பெண்ணின் பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்ததும் போய்விட்டது. அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல் பெரிதாகிறதா, சின்னதாகிறதா? ஒரு தடவை பெரிதாகிற மாதிரி இருக்கும், அடுத்த தடவை ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்கே கண் பூத்துவிட்டது. வெயில் தாழும் நேரத்தில் அந்தக் கீறலுக்குள் கருவிழி அசைந்தது.

“தெரியுதா?” என்று கேட்டேன்.

“உன் மூஞ்சிதான் தெரியுது. வேற ஏதாவது காட்டு,” என்றார். நானும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டோம்.

வீக்கம் முழுசாக வடிந்தது. காய்ச்சல் விட்டது. வேரைச் சுத்தம் பண்ணி அடைக்க அடுத்து வர வேண்டிய நாளை டாக்டர் சொல்லியிருந்தாள். அன்றைக்கு வராமல் விட்டால் திரும்ப இதே கதைதான், அடுத்த தடவை மருந்து கேட்குமா என்று சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தாள். அந்த நாள் காலையில் பார்த்தால் மனுஷர் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

“இப்பதான் வலியே இல்லையே. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவருக்காக ஆற்றிக்கொண்டிருந்த டீ டம்ளர் என் கையில் கடகடவென்று ஆடியது. கீழே வைக்கப் பார்த்தேன், மேஜையில் தட்டித் தட்டிச் சிந்தியது.

“வலி இல்லைன்னு சொல்லாதீங்க,” என்றேன். “வலிக்குதுன்னு சொன்னாக்கூடத் தாங்கிப்பேன். இதைக் கேக்கத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

“சரி, வரேன். ஆனா நீ உள்ள வரணும். கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கக் கூடாது.”

ஊசியைக் கண்டாலே தலை சுற்றுகிற என்னை உள்ளே வரச் சொல்கிறார். போனேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது, விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. கையைத் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். குழாய் முறுக்குகிற கை, என் விரலெல்லாம் நொறுங்கியது. டாக்டர் மரத்துப்போகிற ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். “இனி தெரியாது சார். மீறி வலிச்சா, பேச வேணாம், கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடறேன்,” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மெஷின் கிறீச்சிட்டது. பல்லில் பட்டதும் சத்தம் மாறியது, லேசாகப் புகை மாதிரி ஒரு வாடை வந்தது. அவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றதைப் பார்த்தேன்.

கை மேலே போனது.

டாக்டர் சட்டென்று நிறுத்தினாள். “வலிக்குதா சார்?”

வாயைத் திறந்தபடியே அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். கையைத் தூக்கியது நான்தான்.